டிஸ்க் மாத்தியாச்சு... டேட்டா முழுசா வந்துச்சா? லினக்ஸில் ஃபைல்களை ஒன்றுவிடாமல் இடம் மாற்றுவது எப்படி?

பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது இன்று சாதாரண வேலை. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என எந்த ஊர்க் கடையில் கொடுத்தாலும் சட்டென்று மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். வேகம் கூடிவிடும். "டேட்டா எல்லாம் காப்பி பண்ணியாச்சு" என்ற உறுதிமொழியும் கையோடு கிடைக்கும்.

அந்த 'எல்லாம்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். அன்று அதைத் திறந்தே பார்க்காதவர்கள்கூட இன்று அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வீட்டு லேப்டாப்போ, அலுவலக சர்வரோ, ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு மாறும்போது எதெல்லாம் தவறிப்போகும்? அதை எப்படிப் பிடிப்பது?

பெரிய நிறுவனங்களே தவறவிட்டவை

ஒரு காலத்தில் உலகத்தின் முன்னணி சமூக வலைதளமாக இருந்த மைஸ்பேஸ், 2019 மார்ச்சில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. சர்வர் இடமாற்றத்தின்போது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை பயனர்கள் ஏற்றியிருந்த படங்கள், வீடியோக்கள், பாடல்கள் போய்விட்டன. 12 ஆண்டு காலத்தில் சேர்ந்த சுமார் 5 கோடிப் பாடல்கள் காணாமல் போனதாக மதிப்பிடப்பட்டது. அதில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பிறகு மீண்டன. மைஸ்பேஸிடமிருந்து அல்ல. இசை வலைப்பின்னல்களை ஆராய்ந்த ஒரு கல்விக் குழு தன் தேவைக்காக முன்பே எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் இன்னொரு விபத்து. பேக்கப் எடுப்பதற்கான ஸ்கிரிப்டைப் புதுப்பித்தார்கள். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன்மேல் வைத்ததால், பாதியில் குழம்பிய ஸ்கிரிப்ட் பழைய பதிவுகளை அழிப்பதற்குப் பதிலாக ஆய்வாளர்களின் ஃபைல்களை அழிக்கத் தொடங்கியது. போனது 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி ஃபைல்கள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் டேட்டாவை மீட்க முடியவில்லை. சிஸ்டத்தை வழங்கிய எச்பிஇ நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது.

இரண்டு இடத்திலும் திறமையான ஆட்கள் இருந்தார்கள், நல்ல கருவிகளும் இருந்தன. டேட்டா இடம் மாறும் நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம் என்பதை இவை காட்டுகின்றன.

ஃபைல் என்பது ஃபைல் மட்டுமல்ல

நம் கண்ணுக்கு ஃபைல் என்றால் ஒரு பெயர், உள்ளே கொஞ்சம் டேட்டா. லினக்ஸ் பார்வையில் அது மூன்று தனித்தனிச் சங்கதிகள்.

முதலாவது, டிஸ்க்கில் இருக்கும் உண்மையான டேட்டா. இரண்டாவது, 'ஐநோடு' என்ற பதிவு. ஃபைலின் உரிமையாளர் யார், யார் படிக்கலாம், யார் மாற்றலாம், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, அளவு என்ன, டேட்டா டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, பெயர். அது ஐநோடுக்குள் இருப்பதில்லை. ஃபோல்டரில் 'இந்தப் பெயர், இந்த எண்ணுள்ள ஐநோடு' என்று ஒரு வரியாக மட்டும் இருக்கும்.

நிலத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். டேட்டா என்பது நிலம். ஐநோடு என்பது பட்டா. நிலம் ஒரு அங்குலம் குறையாமல் இருந்தாலும், பட்டா வேறொருவர் பெயருக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அதுதான் சாதாரண காப்பியில் நடக்கிறது.

லினக்ஸின் அடிப்படைக் காப்பி கட்டளை 'சிபி'. அதோடு 'ஆர்' என்ற எழுத்தை மட்டும் சேர்த்து ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்தால், டேட்டா வந்துவிடும். ஆனால் புதிய ஃபைல்களின் உரிமையாளர், காப்பி செய்தவர். நிர்வாகி கணக்கான 'ரூட்' மூலம் செய்திருந்தால், எல்லா ஃபைலும் ரூட்டின் சொத்து. அடுத்த நாள் நீங்கள் உங்கள் ஃபைலைத் திறந்து ஒரு எழுத்தை மாற்றினால் 'அனுமதி இல்லை' என்று வரும். தேதியும் போய்விடும். 2014-ல் எழுதிய கடிதமும் நேற்று எழுதிய கடிதமும் ஒரே தேதியைக் காட்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் தவறுபவை

மறைந்த ஃபைல்கள்: லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சாதாரணமாகத் தெரியாது. பிரவுசர் புக்மார்க், மெயில் அமைப்புகள், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஃபோல்டர்களில்தான் இருக்கும். 'எல்லாவற்றையும் காப்பி செய்' என்று நட்சத்திரக் குறி போட்டால், மேல்மட்டத்தில் இருக்கும் இவை விடுபட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஃபோல்டர் பெயருக்குப் பின் சாய்கோடும் புள்ளியும் போட்டுக் காப்பி செய்தால் இவையும் வரும்.

இரட்டைப் பெயர்கள்: பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர் இருப்பதுபோல, ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். இதுதான் 'ஹார்டு லிங்க்'. பல பேக்கப் மென்பொருள்கள் இதை நம்பித்தான் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. சாதாரண காப்பிக்கு இது தெரியாது. ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணி இரண்டு பிரதி எடுத்துவிடும். 200 ஜிபி பேக்கப் புதிய டிஸ்க்கில் 900 ஜிபி ஆகி, பாதியில் 'இடம் இல்லை' என்று நிற்பது இதனால்தான்.

வழிகாட்டிப் பலகைகள்: 'சிம்பாலிக் லிங்க்' என்பது ஃபைல் அல்ல, 'அது அங்கே இருக்கிறது' என்று காட்டும் பலகை. பலகையைப் பிடுங்கி வந்து நட்டுவிட்டு, அது காட்டும் இடத்தைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவந்தால்? பழைய டிஸ்க் செருகியிருக்கும் வரை எல்லாம் வேலை செய்யும். கழற்றியபின்தான் தெரியும்.

காலி இடம்: விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் போன்ற ஃபைல்கள் '100 ஜிபி' என்று சொல்லிக்கொள்ளும். உண்மையில் 12 ஜிபிதான் டிஸ்க்கைப் பிடித்திருக்கும். மீதி வெறும் ஓட்டை. அந்த ஓட்டையை ஓட்டையாகவே எடுத்துச் செல்லாத காப்பி, 88 ஜிபி பூஜ்ஜியத்தை உட்கார்ந்து எழுதும்.

கூடுதல் குறிப்புகள்: உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று அனுமதிகளுக்கு மேல், 'இந்த ஃபோல்டரைக் கணக்காளர் மட்டும் மாற்றலாம்' என்பது போன்ற தனி அனுமதிப் பட்டியல்களும் இருக்கலாம். பாதுகாப்புக் குறிச்சொற்களும் ஃபைலோடு ஒட்டியிருக்கும். கேட்டு வாங்கினால்தான் இவை கூட வரும்.

இடையில் ஒரு பென்டிரைவ்: 'முதல்ல பென்டிரைவ்ல போட்டுக்கலாம், அப்புறம் அதிலிருந்து மாத்திக்கலாம்' என்று நினைப்பது இயல்பு. ஃபேட்32 முறையில் இருக்கும் பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் போகாது. அதிலும் சரி, எக்ஸ்ஃபேட்டிலும் சரி, லினக்ஸின் உரிமையாளர், அனுமதி விவரங்களுக்கு இடமே இல்லை. பட்டாவை வழியிலேயே தொலைத்துவிட்டுப் போவது மாதிரி. திரும்ப எடுத்தபின் எஸ்எஸ்எச் சாவி 'எல்லோரும் படிக்கலாம்' என்ற நிலையில் இருக்கும். எஸ்எஸ்எச் அதை ஏற்காது. பென்டிரைவ் தவிர்க்க முடியாதது என்றால், 'டார்' கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவது வழி. ஆனால் அந்த மூட்டையே 4 ஜிபியைத் தாண்டலாம் என்பதால் பென்டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் இருப்பது நல்லது.

'நிலக்கோட்டை' எத்தனை எழுத்து?

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

'நிலக்கோட்டை' என்பது நமக்கு 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் அது 11 குறியீடுகள். 'நி' என்பது 'ந'வும் இகரக் குறியும். 'க்' என்பது 'க'வும் புள்ளியும். லினக்ஸ் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, இந்த ஊரின் பெயருக்கு 33 பைட்.

லினக்ஸில் பரவலாக இருக்கும் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிட்ஆர்எஃப்எஸ் ஆகிய ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயரின் உச்ச அளவு 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு, அதாவது ஏறக்குறைய 45 முதல் 50 எழுத்துதான். ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் கணக்கு வேறு. அங்கே 255 தமிழ்க் குறியீடுகள் தாராளமாகப் போகும். எனவே விண்டோஸில் நீளமாகத் தமிழில் பெயர் வைத்த ஃபைல், லினக்ஸ் டிஸ்க்குக்கு வரும்போது 'பெயர் மிக நீளம்' என்ற பிழையோடு நின்றுவிடும். ஆயிரம் ஃபைல்களுக்கு நடுவே அந்த ஒரு வரி ஓடி மறைந்துவிட்டால், போனதே தெரியாது.

இன்னொன்று, 'கோ'வில் இருக்கும் ஓகாரம். யூனிகோடில் அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் இரட்டைக் கொம்பு ஏகாரக் குறி, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆப்பிள் மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அப்படிப் பிரித்தால் 'நிலக்கோட்டை' 36 பைட் ஆகிவிடும். லினக்ஸுக்கு 33 பைட் பெயரும் 36 பைட் பெயரும் வேறு வேறு. ஒரே ஃபோல்டரில் இரண்டு 'நிலக்கோட்டை' பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதில் புதிய ஃபைல் இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றை அழித்தால் முடிந்தது கதை.

மேக்கிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும்போது பெயர் வடிவத்தைச் சரிசெய்ய 'கான்வ்எம்வி' என்ற கருவி இருக்கிறது. 'ஆர்சிங்க்' கட்டளையிலேயே 'ஐகான்வ்' என்ற வசதியும் உண்டு. மாற்றத்துக்கு முன் நீளமான பெயர்களைச் சுருக்கி வைப்பதும், இரட்டைப் பெயர்களைத் தேடிப் பார்ப்பதும் பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

எந்தக் கட்டளை?

ஒரே கணினிக்குள் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு என்றால், 'சிபி' கட்டளையோடு சிறிய எழுத்து 'ஏ' சேர்த்தாலே பெரும்பாலான வேலை முடியும். 'ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம் அது. உரிமையாளர், அனுமதி, தேதி, இரட்டைப் பெயர், பலகை, கூடுதல் குறிப்பு என எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லும். ஆனால் புதிய டிஸ்க்கால் கூடுதல் குறிப்புகளை வைத்துக்கொள்ள முடியாவிட்டால், அது புகார் செய்யாமல் கடந்து போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரிய அளவு டேட்டா என்றால் 'ஆர்சிங்க்' தான் பலரின் தேர்வு. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-ல் வெளியிட்ட கருவி இது. பாதியில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால், ஏற்கெனவே போன ஃபைல்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆர்சிங்கிலும் 'ஏ' உண்டு. ஆனால் அதில் எல்லாம் அடங்காது. ஹார்டு லிங்குகளுக்குப் பெரிய எழுத்து 'எச்', அனுமதிப் பட்டியலுக்குப் பெரிய 'ஏ', கூடுதல் குறிப்புகளுக்குப் பெரிய 'எக்ஸ்' என மூன்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். காலி இடமுள்ள ஃபைல்கள் இருந்தால் பெரிய 'எஸ்' வேண்டும். வேறு கணினிக்கு மாற்றினால், உரிமையாளரைப் பெயரால் அல்லாமல் எண்ணால் காப்பாற்றும் 'நியூமெரிக் ஐடி' வசதியும் தேவைப்படலாம்.

எண் ஏன் முக்கியம்? லினக்ஸ் டிஸ்க்கில் உரிமையாளர் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய கணினியில் அக்காவுக்கு முதலில் கணக்கு, தம்பிக்கு அடுத்து. புதியதில் தம்பி முந்திக்கொண்டால், அக்காவின் டிஸ்க்கைச் செருகியதும் எல்லா ஃபைலும் தம்பி பெயரில் தெரியும்.

ஆர்சிங்கில் இன்னொரு பொறி, மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் வரும் சாய்கோடு. இருந்தால் 'உள்ளே இருப்பதை மட்டும் எடு', இல்லாவிட்டால் 'ஃபோல்டரோடு சேர்த்து எடு' என்று பொருள். ஒரு கோடு தவறினால் எல்லாம் ஒரு படி உள்ளே தள்ளிப் போய் உட்காரும்.

'டிலீட்' என்ற வசதி, மூலத்தில் இல்லாததைப் புதிய இடத்திலிருந்து அழிக்கும். மூல டிஸ்க் சரியாக இணையாமல் வெறும் ஃபோல்டராக நின்றால், எதிர்ப்பக்கம் இருக்கும் பிரதி முழுவதையும் அது துடைத்துவிடும். இதைப் போடுமுன் சிறிய 'என்' சேர்த்து ஒருமுறை ஒத்திகை பார்ப்பது அவசியம். ஒத்திகையில் எதுவும் மாறாது, என்ன செய்யப்போகிறது என்ற பட்டியல் மட்டும் வரும்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். புதிய டிஸ்க்கை இணைக்க மறந்து, அது இணைய வேண்டிய ஃபோல்டருக்குள் காப்பி செய்தால் எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே இன்னொரு மூலையில் குவியும். 'ஃபைண்ட்மவுன்ட்' என்று ஒரு கட்டளை தட்டி, எந்த டிஸ்க் எங்கே இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் ரூட் அதிகாரத்தோடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளரைக் காப்பாற்ற முடியாது, படிக்க அனுமதி இல்லாத ஃபைல்களும் விடுபடும்.

கடை திறந்திருக்கும்போது கணக்கு நோட்டை நகலெடுக்கலாமா?

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையை எடுத்துக்கொள்வோம். விடிந்ததும் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார், அந்த நேரத்து விலை என்ன, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் கணினியில் ஒரு டேட்டாபேஸில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் டிஸ்க் மாற்ற வந்தவர் காப்பியை ஓடவிட்டால் என்ன ஆகும்?

டேட்டாபேஸ் என்பது ஒரே ஃபைல் அல்ல. எடை ஒரு இடத்தில், தொகை ஒரு இடத்தில், 'இந்த மாற்றம் நடந்தது' என்ற குறிப்பு இன்னொரு இடத்தில் இருக்கும். காப்பி முதல் ஃபைலை 6.00 மணி நிலையிலும், கடைசி ஃபைலை 6.20 மணி நிலையிலும் எடுக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. புதிய டிஸ்க்கில் டேட்டாபேஸ் திறக்காமல் போகலாம். அதைவிட மோசம், திறந்துவிட்டு ஒரு விவசாயியின் பாக்கியைத் தவறாகக் காட்டுவது. ஃபைல் எண்ணிக்கை சரி, அளவும் சரி. ஆனால் கணக்கு தப்பு.

வழி எளிது. டேட்டாபேஸை நிறுத்திவிட்டுக் காப்பி செய்ய வேண்டும். அல்லது மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை தரும் 'டம்ப்' கருவியால் ஏற்றுமதி செய்ய வேண்டும். நீண்ட நேரம் நிறுத்த முடியாத இடங்களில் இரண்டு சுற்று முறை பயன்படும். முதல் நாளே, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்கை ஒருமுறை ஓட்டிப் பெரும்பகுதியைக் கடத்திவிடலாம். மறுநாள் வியாபாரம் முடிந்ததும் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் இடையில் மாறியவை மட்டும் போகும். சில மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும்.

முடிந்தது என்றால் முடிந்ததா?

திரையில் 100% வந்துவிட்டது. இன்னும் முடியவில்லை. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக டிஸ்க்கில் எழுதும். அதனால்தான் முறையாக விடுவிக்காமல் பிடுங்கிய டிஸ்க்கில் கடைசி ஃபைல்கள் கெட்டுப்போகின்றன. 'சிங்க்' கட்டளை கொடுத்து, டிஸ்க்கை 'அன்மவுன்ட்' செய்து, மறுபடி இணைத்த பிறகுதான் சரிபார்ப்பு தொடங்க வேண்டும். உடனே சரிபார்த்தால் டிஸ்க்கில் இருப்பதை அல்ல, ரேமில் மிச்சமிருப்பதைப் படித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

முதல் சோதனை, ஆர்சிங்க் முடியும்போது விட்டுச்செல்லும் எண். பூஜ்ஜியம் என்றால் நல்லது. 23 என்றால் ஏதோ சில ஃபைல்கள் பிழையால் போகவில்லை. 24 என்றால் காப்பி ஓடும்போதே மூலத்தில் சில ஃபைல்கள் மறைந்துவிட்டன. பிழை வரிகளை ஒரு ஃபைலில் சேமித்து வைத்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. இரு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை ஃபோல்டர், எத்தனை லிங்க் என்று எண்ணிப் பார்க்கலாம். மொத்த அளவு மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஃபைல் சிஸ்டம் மாறினால் எல்லாம் சரியாக இருந்தாலும் அளவு சற்று வேறுபடும்.

மூன்றாவது, உள்ளடக்கம். இது ஏன் தேவை என்பதற்கு 2023 நவம்பரில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. டேட்டா பாதுகாப்புக்குப் பேர்போன ஓப்பன்இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில், அப்போதுதான் எழுதிய ஃபைலை உடனே காப்பி செய்தால் அரிதாகப் பிரதியின் சில பகுதிகள் பூஜ்ஜியமாகிவிடுவது தெரியவந்தது. புதிதாக எழுதிய டேட்டாவை, மேலே சொன்ன 'காலி இடம்' என்று ஃபைல் சிஸ்டம் தவறாகச் சொன்னதுதான் காரணம். புதிய 'சிபி' அதை நம்பித் தாண்டிப் போனது. பெயர் சரி, அளவு சரி, உள்ளே ஒன்றுமில்லை. அந்த மாதக் கடைசியில் வந்த 2.2.2 பதிப்பில் பிழை சரிசெய்யப்பட்டது. ஆனால் அந்தக் குறை பல ஆண்டுகளாகவே உள்ளே இருந்திருக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது.

இப்படிப்பட்டதைப் பிடிக்க 'ஷா-256' கணக்கீடு உதவும். ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் படித்து, கைரேகை போல 64 இலக்க அடையாளம் ஒன்றைத் தரும். உள்ளே ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். பழைய டிஸ்க்கில் இந்தப் பட்டியலை எடுத்து, புதிய டிஸ்க்கில் ஒப்பிடச் சொன்னால் மாறியவற்றை மட்டும் காட்டும். ஆர்சிங்கிலேயே சிறிய 'சி'யும் 'என்'னும் சேர்த்து ஓட்டினாலும் இதே வேலை நடக்கும். 'சி' இல்லாவிட்டால் அது அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிடும், உள்ளே எட்டிப் பார்க்காது.

ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஒரு ஏட்டை நம்பி நின்றுவிடாமல் பல ஊர் ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். எழுதியவர் கண் அயர்ந்த இடம் ஒப்பிடும்போதுதான் தெரியும். கணினிக்கும் அதேதான்.

முழு டிஸ்க்கையும் அப்படியே எடுத்தால்?

'எதுக்கு இவ்வளவு வம்பு? டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணிடலாமே' என்று கேட்கலாம். 'டிடி' கட்டளை அதைத்தான் செய்கிறது. எதுவும் விடுபடாது. ஆனால் காலி இடத்தையும் சேர்த்து எழுதும், புதிய டிஸ்க் குறைந்தது பழைய அளவாவது இருக்க வேண்டும். எது மூலம், எது இலக்கு என்று மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்து டேட்டா இருக்கும் டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். குளோன் செய்த இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கும் என்பதால், இரண்டையும் ஒன்றாகச் செருகி வைத்தால் கணினி குழம்பும்.

பழைய டிஸ்க் 'கடக் கடக்' என்று சத்தம் போடுகிறதா, படிப்பதில் பிழை வருகிறதா? அப்போது ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்து அதைத் துன்புறுத்தக் கூடாது. 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயன்று பார்க்கும். அதைக் கொண்டு முழு நகல் எடுத்து, நகலில் இருந்து மீட்பதே பாதுகாப்பு.

ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்து சிஸ்டம் டிஸ்க்கையே மாற்றினால் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். புதிய டிஸ்க்கின் அடையாள எண் வேறு. 'எஃப்எஸ்டேப்' என்ற ஃபைலில் பழைய எண்ணை எடுத்துப் புதியதை எழுதி, பூட் லோடரையும் மறுபடி நிறுவ வேண்டும். இதைச் செய்யாமல் பழைய டிஸ்க்கைக் கழற்றினால், டேட்டா முழுதாக இருந்தும் கணினி எழுந்து உட்காராது.

பழையதை எப்போது அழிக்கலாம்?

இதில் அவசரப்படுவதுதான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம். புதிய டிஸ்க் வேலை செய்யத் தொடங்கிய அன்றே பழையதை ஃபார்மட் செய்து வேறு வேலைக்கு எடுத்துவிடுகிறார்கள். விடுபட்டவை அன்றே தெரியாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது, சான்றிதழ் தேடும்போது, மாதக் கடைசியில் பாக்கி பார்க்கும்போதுதான் தெரியும்.

எனவே பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, தனியே வைக்க வேண்டும். திரும்பச் செருகிப் பார்க்க நேர்ந்தால் 'படிக்க மட்டும்' என்ற முறையில் இணைக்க வேண்டும். கணக்கு வழக்கு இருக்கும் டிஸ்க் என்றால் குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடியும் வரையாவது அது தொடாமல் இருக்கட்டும். அதற்குள் புதிய டிஸ்க்கிலிருந்து இன்னொரு பேக்கப்பும் எடுத்து, அதிலிருந்து சில ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

டிஸ்க் மாற்றிக் கொடுக்கும் கடையில் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். மறைந்த ஃபைல்கள் வந்தனவா? உரிமையாளரும் தேதியும் மாறாமல் இருக்கிறதா? பிழைப் பட்டியலைப் பார்த்தீர்களா? ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? நான்குக்கும் பதில் வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். பதில் வராவிட்டால், பழைய டிஸ்க்கை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.